கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மாமனாருக்கு நெஞ்சுவலி வந்து ஐசியூவில் சேர்த்திருந்தோம். அவர் இப்போது நன்றாக இருக்கிறார், உப்பில்லை என்று தினமும் தட்டைத் தள்ளிவிடுகிறார், அவருக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை. ஐசியூவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரும்பு நாற்காலி வரிசையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு மனிதரைப் பார்த்தேன். டாக்டர் கதவைப் பாதி திறந்து நின்றுகொண்டு, ஒவ்வொரு நோயாளியின் சொந்தக்காரரையும் கூப்பிட்டுக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். இந்த மனிதரின் முறையும் வந்தது. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். "சரி, போய் உக்காருங்க" என்றார் டாக்டர். இவர் போகவில்லை. வாய் லேசாகத் திறந்தபடி நின்றார். கதவு மூடிக்கொண்டது. மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வந்து உட்கார்ந்தார்.

அவ்வளவுதான் நான் பார்த்தது. அவர் என்ன சொல்ல வந்தார் என்று எனக்குத் தெரியாது. அதற்குள் மாமனாரைப் பார்க்க என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆக, இனி வருவதெல்லாம் நானே கட்டியது. அதுவும் எரிச்சலில் கட்டியது. அந்தத் திறந்த வாய் என்னைப் போட்டுப் பிடுங்கி எடுத்துவிட்டது.

2

தொடக்கம் சரியாக வரவில்லை. எழுதி அடித்தவற்றை அப்படியே தருகிறேன்.

"போஸ்ட்மாஸ்டரம்மா படிக்கட்டில் வழுக்கி விழுந்த அன்று காலை வானம் மேகமூட்டமாக—"

வானத்துக்கு இந்தக் கதையில் ஒரு வேலையும் இல்லை. அடித்தேன்.

"மனச்சோர்வும் மதுப்பழக்கமும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவை என்பதை நம் சமூகம் இன்னும்—"

இது ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டும் தாள். பக்கத்தில் சிரிக்கிற குழந்தை படம் ஒன்று போட்டுவிட்டால் முடிந்தது. அடித்தேன்.

"அந்தம்மா குடிப்பார்."

இது பரவாயில்லை என்று தோன்றியது. பத்திரிகை ஆசிரியருக்கு ஃபோன் போட்டு வாசித்துக் காட்டி, கதையையும் சுருக்கமாகச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு இருமல்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. அதை ஆம்பளையா மாத்திடுங்களேன். மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும். புருஷன் உள்ள, பொண்டாட்டி வெளியில. படிக்கிறவங்க டக்குனு ஒட்டிக்குவாங்க."

"ஆம்பளையா இருந்தா குடிப்பாரான்னு டாக்டர் கேட்டுடுவாங்களே சார். அப்புறம் கதை எங்க இருக்கு?"

"அதில்ல மேடம். ஒரு போஸ்ட்மாஸ்டரம்மா போய்... நம்புற மாதிரி இல்லையே."

பார்த்தீர்களா? நம்புகிற மாதிரி இல்லையாம். இந்தக் கதையில் வருகிற அத்தனை பேரும் மனசுக்குள் இதைத்தான் சொல்லிக்கொள்ளப் போகிறார்கள். ஆசிரியர் முந்திக்கொண்டார், வேறொன்றுமில்லை.

நேராக வருகிறேன். அந்தம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல். கடைத்தெரு முனையிலிருக்கும் தபால் நிலையத்துக்குத் தலைமை. சில்லறை இல்லை என்று இழுப்பவர்களும் வரிசையில் நுழைகிறவர்களும் அவர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தால் பேசாமல் பின்னால் போய்விடுவார்கள். கணவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். பிள்ளைகள் வெளியூரில். அந்தம்மா இரண்டு வருடமாகத் தினமும் குடிக்கிறார். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, எவர்சில்வர் டம்ளரில், ஒரு சத்தமும் இல்லாமல். காலி பாட்டில்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு மூடி பின்வாசலில் வைப்பார். கணவர் அதை டிரைவிங் ஸ்கூல் வண்டியின் டிக்கியில் ஏற்றி, வேறொரு பேட்டையில் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வருவார். பெட்டியில் என்ன என்று அவர் கேட்டதில்லை. பெட்டி எங்கே போனது என்று அந்தம்மாவும் கேட்டதில்லை. இப்படியும் ஒரு குடும்பம் நடக்கும். நன்றாகவே நடந்தது.

(ஏன் குடிக்க ஆரம்பித்தார் என்று கேட்பீர்கள். ஆசிரியரும் கேட்டார்: "மகன் கிகன் யாராவது இறந்துட்டாங்கன்னு வெச்சுக்கலாமா?" வைத்துக்கொள்ள முடியாது. ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் விடியும்போதே நெஞ்சு கனத்தது, அப்புறம் தினமும் கனத்தது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். அழுவதற்கு ஒரு காரணமும் இல்லையே என்று வெட்கப்பட்டு இன்னும் அழுதார். தெருமுனை டாக்டரிடம் ஒருமுறை போய், "எதுக்குன்னே தெரியல டாக்டர், அழுகையா வருது, தூக்கமே இல்ல" என்று வாய்விட்டே சொன்னார். அவர், "இந்த வயசுல எல்லா லேடீஸுக்கும் வர்றதுதாம்மா" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை தீர்ந்தது. தூக்கம் வரவில்லை. தூக்கத்துக்காகத்தான் முதல் டம்ளர்.)

3

இப்போது கண்ணாடிக் கதவு.

அந்தம்மா தபால் நிலையப் படிக்கட்டில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அன்றே ஆபரேஷன், நன்றாக முடிந்தது. ரத்த அழுத்தம் ஏறி இறங்குகிறது, இரண்டு மூன்று நாள் கண்காணிப்பில் இருக்கட்டும் என்று ஐசியூவில் வைத்திருக்கிறார்கள். வெளியே டிரைவிங் ஸ்கூல்காரரும் அவருடைய தங்கையும்.

டாக்டரம்மா கதவைத் திறந்து, முதலில் ஒரு கொத்தனாரின் மனைவியைக் கூப்பிட்டார்.

"உங்க வீட்டுக்காரர் குடிப்பாரா?"

"குடிப்பாருங்க."

"தினமுமா? கடைசியா எப்போ?"

"தினமும்தான். விழுந்த அன்னிக்கும்தான். அதனாலதானே சாரத்துலேருந்து விழுந்தாரு."

"நல்லவேளை சொன்னீங்கம்மா. தினமும் குடிக்கிறவங்க திடீர்னு நிறுத்தினா ரெண்டு மூணு நாள்ல கை கால் உதறும், என்னென்னமோ கண்ணுக்குத் தெரியும், வலிப்பு வரும். உயிருக்கே ஆபத்து. இப்பவே தெரிஞ்சதால மருந்து போட்டு சமாளிச்சுடலாம்."

எவ்வளவு நல்ல டாக்டர் பாருங்கள். எவ்வளவு தெளிவு! டிரைவிங் ஸ்கூல்காரர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். அவள் கடைசியாகக் குடித்தது விழுவதற்கு முந்தின ராத்திரி. மூன்றாவது நாள் என்றால் நாளைக்கு. சரி, நம்மிடமும் கேட்பார்கள், கேட்டதும் சொல்லிவிட வேண்டியதுதான் என்று முடிவுசெய்தார். வாக்கியத்தைக்கூடத் தயார்செய்து வைத்தார்: 'ஆமா டாக்டர், தினமும்.' இரண்டு மூன்று தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார்.

அவர் முறை வந்தது.

"அம்மாவுக்கு சுகர் இருக்கா?"

"இல்ல."

"பிரஷர்?"

"மாத்திரை சாப்பிடறா."

"தைராய்டு? ஆஸ்துமா? ஏதாவது மருந்து ஒத்துக்காதா?"

"அதெல்லாம் இல்ல டாக்டர்."

"பல் செட்டு?"

"...இல்ல."

"சரி சார், போய் உக்காருங்க."

பல் செட்டு! பல் செட்டு கேட்கத் தெரிகிறது. கொத்தனார் மனைவியிடம் நாக்கில் தயாராக இருந்த கேள்வி, போஸ்ட்மாஸ்டரம்மா என்றதும் எங்கே போய் ஒளிந்துகொண்டது? யாரும் அதை மறக்கவில்லை, யாரும் சதி செய்யவில்லை. அந்த அம்மாளைப் பார்த்தால் அந்தக் கேள்வி தோன்றுவதே இல்லை, அவ்வளவுதான்.

(டாக்டரம்மா வில்லியாகிவிடக் கூடாது என்பதற்காக அவருக்கு ஒரு பழைய காயத்தைச் சேர்த்துக் கொடுக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண் நோயாளியின் வீட்டாரிடம் இதைக் கேட்டிருக்கிறார். "எங்க வீட்டுப் பொம்பளைய என்னன்னு நினைச்சே?" என்று பையன்கள் கூடிவிட்டார்கள். பெரிய டாக்டர் வந்து மன்னிப்புக் கேட்டு அனுப்பினார். அன்றிலிருந்து பெண்கள் என்றால் அந்த இடத்தில் பல் செட்டு.)

நம் ஆள் வாயைத் திறந்தபடி நிற்கிறார். அட, சொல்லித் தொலையுங்களேன்! கதவு இன்னும் மூடவில்லை. நான் வேண்டுமென்றே மெதுவாக எழுதிக்கொண்டிருக்கிறேன். டாக்டரம்மாவின் கை கைப்பிடியில் இருக்கிறது. மூன்று வார்த்தை, ஐயா!

சொல்லமாட்டார். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும் தெரியுமல்லவா, முப்பது வருடமாக அவர் கால் அதன்மேல்தான் இருக்கிறது. கேட்டால் பதில் சொல்வது வேறு. கேட்காதபோது தானாகப் போய்ச் சொன்னால், அவள் குழாய்களோடு படுத்திருக்கும் நேரத்தில் அவளைப் பற்றிக் கோள் மூட்டியதாகிவிடும் என்று நினைக்கிறார்.

கதவு மூடிக்கொண்டது.

3 (மறுபடியும்)

விடுவேனா? அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். இந்தத் தடவை அவரைப் பேசவைத்தேன்.

"டாக்டர், ஒரு நிமிஷம். அவளுக்கு... அவளுக்கு ராத்திரில தூக்கம் வராது டாக்டர்."

"ஐசியூல யாருக்குமே தூக்கம் வராது சார். லைட்டு, சத்தம். பாத்துக்கறோம்."

இதற்கா உங்களைப் பேசவைத்தேன்? அடித்தேன்.

இன்னொரு தடவை, டாக்டரம்மாவையே கேட்கவைத்தேன். குரலைத் தாழ்த்தி, "பழக்கம் ஏதாவது உண்டா சார்?" என்றார். பழக்கமாம்! பல் தேய்க்கிறதும் பழக்கம்தான். ஆனாலும் போகட்டும், கேட்டாரே. டிரைவிங் ஸ்கூல்காரர் மூச்சை இழுத்தார். அதற்குள் தங்கை முந்திக்கொண்டாள்.

"யாருக்கு? எங்க அண்ணிக்கா? நல்லா கேட்டீங்க போங்க! எங்க அண்ணி ரெண்டாவது காப்பியே குடிக்கமாட்டாங்க. என்னண்ணா, சொல்லேன்!"

அண்ணன் என்ன சொல்வார்? "ஆமா" என்றார். எதற்கு ஆமா என்று அவருக்கே தெரியவில்லை. டாக்டரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "சாரிம்மா, எல்லாரையும் கேக்கறதுதான்" என்றார். அதாவது ஒரு பொய்யையும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இந்தத் தங்கையை யார் கதைக்குள் விட்டது? நான்தான். அண்ணி மேல் உண்மையிலேயே உயிரை வைத்திருப்பவள். அவளை என்ன செய்ய முடியும்?

4

மூன்றாவது நாள். இதை எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

பார்வையாளர் நேரத்தில் டிரைவிங் ஸ்கூல்காரர் உள்ளே போனபோது அந்தம்மாவின் இரண்டு கைகளையும் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். ஊசியைப் பிடுங்கிவிட்டாராம். முகமெல்லாம் வேர்வை, மானிட்டர் கத்திக்கொண்டே இருந்தது. கட்டிய கை அந்த இரண்டு விரற்கடை இடத்துக்குள் எழும்பி எழும்பி விழுந்தது. டக், டக். இங்கே ஒன்று, அங்கே ஒன்று.

"சார், இது எப்பலேருந்துன்னு கவனிச்சீங்களா? கை இப்படி இழுக்குது. மூளைல கிருமி போயிருக்கலாம். ஸ்கேன் எடுக்கணும், முதுகுத்தண்டுல தண்ணி எடுத்துப் பாக்கணும்," என்றார் டாக்டரம்மா.

கை இழுக்கவில்லை. அந்தம்மா முத்திரை குத்திக்கொண்டிருந்தார். முதலில் மை, பிறகு கடிதம். டிரைவிங் ஸ்கூல்காரருக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"எவ்ளோ வந்து கெடக்கு பாருங்க," என்றார் அந்தம்மா, கூரையைப் பார்த்து. "மேலேருந்து கொட்டிட்டே இருக்கு. எல்லாம் பேர் இல்லாத கவர். நான் யாருக்குன்னு அனுப்புவேன்? ஏங்க, கவுன்ட்டரை மூடச் சொல்லுங்க. எனக்கு முடியலைங்க."

"மூடியாச்சும்மா. மூடியாச்சு," என்றார் அவர். பாவம், அதைச் சொல்லத்தான் அவருக்கு வாய் வந்தது. நெற்றியில் கை வைத்தார். கொதித்தது. டாக்டரம்மா பக்கத்திலேயே நிற்கிறார், ஒரு முழ தூரத்தில், மனசாரக் கவலைப்பட்டுக்கொண்டு. இரண்டு நல்லவர்கள் கட்டிலுக்கு இரண்டு பக்கமும். நடுவில் ஒரு உயிர் போகப் பார்க்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் பேனாவைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன்.

6

(5 இல்லை. கிழித்தாயிற்று. அதில் தங்கை அண்ணியின் கைப்பையைத் திறந்தாள், பாட்டில் உருண்டு விழுந்தது, எல்லோரும் திகைத்தார்கள். சீ என்றிருந்தது.)

முடிவுகள். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு எதுவும் பிடிக்கவில்லை.

ஒன்று. வலிப்பு வருகிறது. தொண்டையில் குழாய், வென்டிலேட்டர். ஸ்கேனில் ஒன்றுமில்லை, முதுகுத் தண்ணியில் ஒன்றுமில்லை. பெரிய டாக்டர் வந்து பார்த்து, "இது குடியை நிறுத்தினதால வந்ததா இருக்குமோ?" என்று ஆங்கிலத்தில் முணுமுணுக்கிறார். மருந்து மாறுகிறது. பிழைத்துவிடுகிறார். வீட்டுக்கு அனுப்பும்போது நடைப்பயிற்சி, சுண்ணாம்புச் சத்து மாத்திரை, இடுப்பைத் திருப்பாமல் எப்படிப் படுப்பது, எல்லாம் சொல்கிறார்கள். டம்ளரைப் பற்றியோ குழாயைத் திறந்துவிட்டு அழுவதைப் பற்றியோ ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மரியாதையாம். ஒரு மாதம் கழித்துப் பின்வாசலில் மறுபடியும் அட்டைப்பெட்டி. இந்த முடிவு நடக்கிற மாதிரி இருக்கிறது, அதனாலேயே எனக்கு வயிறு எரிகிறது.

இரண்டு. போய்விடுகிறார். 'கிருமித்தொற்று' என்கிறார்கள். தபால் நிலையத்துக்கு ஒருநாள் விடுமுறை. இதை எழுத மாட்டேன். கேட்காதீர்கள்.

மூன்று. கணவர் லிஃப்டில் டாக்டரம்மாவைப் பிடித்துவிடுகிறார்.

"டாக்டர், அவ குடிப்பா. தினமும். ரெண்டு வருஷமா."

"என்ன சார் இது! இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கலையே டாக்டர்."

"கேக்கலைன்னா சொல்லக் கூடாதா?"

"கொத்தனார் சம்சாரத்தைக் கேட்டீங்க. என்னைப் பல் செட்டு கேட்டீங்க."

லிஃப்ட் கதவு திறந்து, மூடி, திரும்பத் திறக்கிறது. இருவரும் சண்டை போட்டுக்கொண்டே ஓடுகிறார்கள். நல்ல காட்சி, ஆசிரியருக்குப் பிடிக்கும். ஆனால் வலிப்பு அதற்குள் வந்துவிட்டது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், எப்படி ஓடினாலும் தாமதம்தான்.

7

மூன்று முடிவையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒரு விஷயம் உறைத்தது. இத்தனை பேரை இழுத்துப் பிடித்துக் கேட்கவைக்கிறேன், சொல்லவைக்கிறேன். எல்லாமே கதவுக்கு வெளியே, இல்லையென்றால் லிஃப்டில். ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை அந்தம்மா என்ன செய்துகொண்டிருந்தார்?

விழித்துக்கொண்டிருந்தார்! நல்ல நினைவோடு, தலை வாரச் சொல்லி, கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு. டாக்டரம்மா பார்க்க வந்தார். "வலி இருக்காம்மா? மூச்சு நல்லா விடமுடியுதா?" என்று கேட்டார். அந்தம்மா பதில் சொன்னார். "நீங்க சாப்பிட்டீங்களா? முகம் வாடிக் கெடக்கே," என்று திருப்பியும் கேட்டார். டாக்டரம்மா சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். மீதிக் கேள்விகளை வெளியே போய்ப் புருஷனிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று.

அந்தம்மாவின் இரண்டு கைகளும் அப்போது போர்வைக்குள் இருந்தன. குளிருக்காக இல்லை. விரல்கள் லேசாக நடுங்க ஆரம்பித்திருந்தன. அவர் ஏற்கனவே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லி, சத்து மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தவர். தானாக இன்னொரு முறை சொல்லமாட்டார். ஆனால் கேட்டிருந்தால்?

ஆகவே கதையை அந்தக் காலைக்குத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். எனக்கு அந்த அதிகாரம் உண்டு. இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, மருந்து போட நேரம் இருக்கிறது. அனுப்பத்தான் ஆளில்லை. டாக்டரம்மாவை அனுப்பினால் பல் செட்டு. கணவரை அனுப்பினால் பிரேக். தங்கை வேண்டவே வேண்டாம். நானே போனால் பதிலையும் நானே எழுதவேண்டியிருக்கும், அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

மிச்சம் நீங்கள்தான். இவ்வளவு தூரம் சாய்ந்து உட்கார்ந்து படித்தீர்கள் அல்லவா, எழுந்திருங்கள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருக்கிறது. நின்றுகொண்டே கேட்காதீர்கள். 'பழக்கம்' என்று இழுக்காதீர்கள். 'தப்பா நினைக்காதீங்க' என்று ஆரம்பித்தால் அங்கேயே தப்பாகிவிடும். முதலில் தூக்கம் எப்படி என்று கேளுங்கள். மனசு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள், சத்து மாத்திரை எதுவும் நீட்டாதீர்கள். அப்புறம் இதைக் கேளுங்கள், சுகர் இருக்கிறதா என்று கேட்கிற அதே குரலில். உங்கள் பெரியம்மா மாதிரி இருக்கிறார், அதனால் நாக்கு புரளவில்லை என்று என்னிடம் சொல்லாதீர்கள். நாள் பூராவும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மனசுக்குள் படிக்காமல் வாய்விட்டுச் சொல்லுங்கள். இடம் விட்டிருக்கிறேன்:

[                                        ]

சொன்னீர்களா?

அந்தம்மா கண்ணாடிக்கு மேலாக உங்களை ஒரு பார்வை பார்க்கிறார். போர்வைக்குள்ளிருந்து இரண்டு கைகளையும் வெளியே எடுத்து வயிற்றின்மேல் வைக்கிறார். மறைக்கவில்லை.

"அந்தத் திரையை இழுத்து விட்டுட்டு உக்காருங்க," என்கிறார்.